நடுகல்லும் முகநூலும்

மாண்டவர் பெயரை எழுதுவார் யார், எழுதியதைக் காப்பார் யார், அதன்மேல் உரிமை உடையார் யார் என்னும் வினாக்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைத்தார். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே ஏறத்தாழ இவ்வரிசையில் நடப்பதை இலக்கியம் பயிலும் மாணவர் அறிவர். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கற்களில் பெயர் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றது.

அந்த ஆறு படிகளுள் ஒன்றிலேனும் அயலான் கை இல்லை என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. கல்லைத் தேடியவரும், சுமந்தவரும், நீராட்டியவரும், நட்டவரும், படையல் இட்டவரும், வாழ்த்தியவரும் மாண்டவனின் சுற்றமும் ஊருமே ஆவர். கல் விற்றவன் அக்கல்லுக்கு உரிமையாளன் ஆனதாக எந்தப் பாட்டிலும் இல்லை.

இன்றோ நம் மக்கள் தம் வாழ்நாள் முழுவதையும் சமூக ஊடகங்களில் எழுதி வைக்கின்றனர். திருமணப் படம் அங்கே, பிள்ளையின் முதற்பள்ளி நாள் அங்கே, தோட்டத்துத் திருவிழா அங்கே, கவிதை அங்கே, கண்ணீரும் அங்கே. எழுதியவர் ஒருநாள் கண்ணை மூடுகிறார். மூடிய மறுகணம் அவை அனைத்தும் யாருடையவை? மனைவியுடையவையா, மக்களுடையவையா, அல்லது பல்லாயிரம் கல் தொலைவில் கணிப்பொறிகளை அடுக்கி வைத்திருக்கும் நிறுவனத்துடையவையா? நிறுவனத்துடையவை என்று நாம் வாய்பேசாமல் ஒப்புக்கொண்டு வருகிறோம். அது பிழை என்பதே என் வழக்கு.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒன்பது ஆண்டுகளாக ஒரு திருப்பணி செய்து வந்தார். மறைந்துபோன தோட்டப் பள்ளிகளின் படங்களையும், பழைய வருகைப் பதிவேட்டுப் பக்கங்களையும், மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளையும் திரட்டினார். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் முதியோர் தம் பேரப்பிள்ளைகளின் உதவியோடு அவற்றை அவருக்கு ஒரு சமூக ஊடகத் தளத்தின் தனிச்செய்தி வழியாக அனுப்புவர். அவர் ஊர், ஆண்டு, ஆள் எல்லாம் விசாரித்துச் சரிபார்த்த பின்னரே பொதுப்பார்வைக்கு இடுவார். சரிபார்க்கப்படாதவை தமக்கு மட்டும் தெரியும் தொகுப்புகளில் கிடந்தன. வெளியிட்டவை குறைவு, வெளியிடாதவை மிகுதி. 2021இல் பெருந்தொற்று அவரைக் கொண்டுபோயிற்று. பத்து லஞ்சாங் மயானத்தில் நின்றவர் கைவிரலில் அடங்குவர். போக இயலாத நாங்கள் எல்லாரும் அவர் பக்கத்தில் எழுதி அழுதோம்.

அவருடைய மனைவி, கணவரின் கணிப்பொறியில் திறந்தபடியே இருந்த அக்கணக்கிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேமித்து வந்தார். கருமக்கிரியை முடிந்த சில நாளில் பழைய மாணவர் ஒருவர், ஆசிரியருக்கு மரியாதை செய்வதாகக் கருதி, இறப்புச் செய்தியைத் தளத்துக்கு முறையாகத் தெரிவித்தார். கணக்கு நினைவுக் கணக்காயிற்று, கதவு சாத்தப்பட்டது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே செல்ல வழியில்லை. "அண்ணே, வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, வங்கிப் புத்தகம் எல்லாம் என் கையிலே இருக்கு. இது மட்டும் யார் கையிலே?" என்று அந்த அம்மையார் என்னைக் கேட்டார். நாற்பது ஆண்டுகளாக வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகிய வாய் அன்று திறக்கவில்லை. மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நல்லதே செய்ய நினைத்தார். பூட்டு அப்படிச் செய்யப்பட்டிருந்தது.

பூட்டின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். நம்மவருள் பலர் இதனை அறியார். முகநூல் 2009இல் நினைவுக் கணக்கு என்னும் முறையை அறிவித்தது. இறப்பு உறுதியானதும் பெயருக்கருகே நினைவுகூரும் சொல் ஒன்று தோன்றும். பிறகு எவரும் அக்கணக்கினுள் நுழைய இயலாது. 2015இல் 'மரபுத் தொடர்பாளர்' ஒருவரை உயிரோடிருக்கும்போதே நியமிக்க வழி செய்தனர். அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், ஓர் அறிவிப்பை மேலே பொருத்தலாம், கணக்கை நீக்கும்படி கேட்கலாம். தனிச்செய்திகளைப் படித்தல் ஆகாது. பழைய பதிவில் பிழை இருப்பின் திருத்தலும் ஆகாது. ஒரே ஒருவரை நிருவாகியாகக் கொண்ட பக்கம் ஒன்று இருந்து, அவர் கணக்கு நினைவுக் கணக்கானால், அப்பக்கமே நீக்கப்படும் என்பதும் அந்நிறுவனத்தின் விதி. இவ்விதியைப் படிக்கும் தலைமையாசிரியர்கள் ஒரு கணம் நின்று, தம் பள்ளியின் பக்கத்துக்கு நிருவாகிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

எக்ஸ் என்று பெயர் மாறிய டுவிட்டர், குடும்பத்தார் கேட்டால் கணக்கை முடக்குமே அன்றி எவரையும் உள்ளே விடாது. கூகுள் நிறுவனம் 2013இல் ஒரு நல்ல காரியம் செய்தது: கணக்கு குறித்த காலம் அசையாமல் கிடந்தால் யாருக்கு எதைக் கொடுப்பது என்று உரியவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம், பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். அதே நிறுவனம் ஈராண்டு பயன்படாத தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது. வாட்ஸ்அப் எனும் புலனமோ 120 நாள் அசைவில்லையெனில் பொதுவாகக் கணக்கை நீக்கிவிடும். பின்னர் அந்த எண் வேறொருவர் கைக்குப் போகிறது. மறைந்த நண்பரின் பெயருக்கு மேல் முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு சிரிப்பதைக் கண்டு திடுக்கிட்டவருள் யானும் ஒருவன்.

ஒன்று என்றென்றும் பூட்டுகிறது, மற்றொன்று அழிக்கிறது, இன்னொன்று பெயரையே பிறர்க்குக் கொடுக்கிறது. மூன்றிலும் குடும்பத்தாரைக் கேட்பார் இல்லை.

இவ்வழக்கு உலகில் ஒருமுறை முழுமையாக வாதிடப்பட்டிருக்கிறது. 2012இல் பெர்லின் நகரத்துச் சுரங்க இரயில் நிலையத்தில் பதினைந்து அகவைச் சிறுமி ஒருத்தி இரயில் மோதி இறந்தாள். அது விபத்தா, அவளே தேடிக்கொண்ட முடிவா என்று பெற்றோர்க்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எஞ்சியிருந்தது அவளுடைய முகநூல் கணக்கு. தாயிடம் கடவுச்சொல் இருந்தது; ஆயினும் கணக்கு அதற்குள் நினைவுக் கணக்காக மாற்றப்பட்டிருந்தது. பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். 2015இல் வென்றனர், 2017இல் மேல்முறையீட்டில் தோற்றனர், 2018 ஜூலை 12இல் செருமானியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீண்டும் வென்றனர். நாட்குறிப்பும் கடிதமும் வாரிசுக்குச் செல்வது போலவே இக்கணக்கும் செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். நிறுவனம் என்ன செய்தது? பதினாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கோப்பைச் சிறு சேமிப்புக் கருவியில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுத்தது. கணக்கைத் திறந்துவிடுவதே கடமை, காகிதக் குவியலைக் கொடுப்பது ஆகாது என்று 2020இல் அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. மகளை இழந்தவர்கள் எட்டு ஆண்டுகள் வழக்காடினார்கள்!

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலியது. மாண்டவரின் பெட்டியில் இருப்பவை அவருடைய கடிதங்கள் மட்டும் அல்லவே? உயிரோடிருக்கும் பிறர் அவரை நம்பி எழுதியவையும் அதில் உண்டு. 2017இல் பெற்றோர்க்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிமன்றம் இதையே காரணமாகக் காட்டிற்று. ஆசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டில் அடிபடும் மாணவன், பசியோடு வரும் மாணவி, தந்தைக்குத் தெரியாமல் படிப்பை விடத் துணிந்தவன் எனப் பலர் நமக்கு எழுதுகின்றனர். நாம் இறந்த பின் நம் பிள்ளைகள் அவற்றைப் படிக்கலாமா? படிக்கலாகாது என்றே என் நெஞ்சும் சொல்கிறது. ஆனால் அக்கடிதங்கள் காகிதத்தில் எழுதப்பட்டு என் மேசையில் கிடந்திருந்தால் நடந்திருப்பது என்ன? அவை என் மனைவி கைக்கு வந்திருக்கும். படிப்பதா, எரிப்பதா, எழுதியவரிடமே திருப்புவதா என்று அவள் தன் மனச்சான்றைக் கேட்டிருப்பாள். அம்முடிவைக் குடும்பத்தின் பண்பாட்டுக்கு விட்டிருந்தது பழைய உலகம். இன்று அம்முடிவைத் தன்னிடம் வைத்துக்கொண்ட நிறுவனமோ, விளம்பரத்தால் பிழைப்பது; நாம் எதை விரும்பினோம், எங்கே நின்றோம் என்று கணக்கெடுத்தே பொருள் ஈட்டுவது. மறைபொருள் காக்க அதைத்தான் காவல் வைக்க வேண்டுமா? பிறர் கடிதங்களுக்குத் தனிக்காப்பு வேண்டும் என்றால் சட்டத்தால் செய்க; ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளால் அன்று.

"இலவசமாகக் குடியிருந்தவன் வீட்டுக்கு உரிமை கொண்டாடலாமா?" என்று இளையவர் ஒருவர் என்னைக் கேட்டார். வீட்டுக்கு உரிமை யாரும் கேட்கவில்லை. குடியிருந்தவன் இறந்தால், அவன் பெட்டி படுக்கையை எடுத்துக்கொள்ள அவன் மனைவியை உள்ளே விடுக என்றுதான் கேட்கிறோம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? வங்கியில் ஆயிரம் ரிங்கிட் வைத்துவிட்டு ஒருவர் இறந்தால், அதை வாரிசு பெற அமானா ராயா உண்டு, நில அலுவலகம் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஊழியர் சேமநிதி வாரியம், உயிரோடிருக்கும்போதே பெயர் கொடுங்கள் என்று நம்மை ஓயாமல் நினைவுறுத்துகிறது. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று 2010இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. 2024இல் அதனைத் திருத்தியபோது, தரவுக்கு உரியவர் என்னும் சொல்லில் இறந்தவர் அடங்கார் என்று தெளிவாகவே எழுதிவிட்டனர். ஐயம் இருந்த இடத்தில் ஐயத்தை நீக்கினர். நீக்கிய விதம் கதவைச் சாத்தும் விதமாயிற்று. பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூர், தன் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில், இறந்து பத்தாண்டு கடவாதவரின் தரவுக்கும் ஓரளவு காப்பு வைத்திருக்கிறது. பிரான்சு 2016இல், தன் இறப்புக்குப் பின் தரவை என்ன செய்வது என்று ஆணை எழுதி வைக்கும் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுத்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 14ஆம் பிரிவில், இறந்தபின் தன் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் முழுமையாகச் செய்துவிட்டார்கள் என்று யான் சொல்லவில்லை. நாம் தொடங்கவும் இல்லை.

அச்சிட்ட நூலுக்கு நம் நாட்டில் காப்புண்டு. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குப் படிகள் அளித்தல் வேண்டும். ஆனால் நம் சமுதாயத்தின் எழுத்து இன்று எங்கே நடக்கிறது? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. மூன்று தலைமுறைகளின் இறப்பு அறிவிப்பும் நினைவஞ்சலியும் அவ்விதழின் பக்கங்களில் உள்ளன. எந்தத் தோட்டத்தில் பிறந்தார், யார் மகன், எத்தனை பேரர் என்பதெல்லாம் ஆய்வாளன் இன்றும் புரட்டிப் பார்க்கலாம். அதற்குப் பின் வந்த இறப்புகளுள் பல முகநூலிலும் புலனத்திலும் மட்டுமே அறிவிக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் வரலாற்றை எழுதப் புகுவோன் எதைப் புரட்டுவான்?

அச்சம் மிகைப்பட்டது என்பார்க்கு நடந்தவற்றைச் சொல்வேன். தமிழ் எழுத்தாளர் பலர் உலகெங்கும் இருந்து ஒன்றுகூடிய 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' ஆகிய மடற்குழுக்கள் யாகூ நிறுவனத்தின் இடத்தில் நடந்தவை. அந்நிறுவனம் 2020 டிசம்பரில் தன் குழுமச் சேவையையே மூடிற்று. அதன் ஜியோசிட்டிஸ் தளம் 2009இலேயே மூடப்பட்டது. உயிரோடிருந்தவர் தம் எழுத்தைப் படியெடுத்துக்கொண்டனர். இறந்துபோனவர் எப்படிப் படியெடுப்பார்? தமிழ் வலைப்பதிவுகளை ஒன்றுசேர்த்த 'தேன்கூடு' என்னும் திரட்டியை உருவாக்கிய சாகரன் 2007இல் இளமையிலேயே மறைந்தார். இன்று அத்தேன்கூடும் இல்லை. பினாங்கில் 1880களில் அச்சான தமிழ் இதழ்களைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். நேற்று எழுதப்பட்டதைக் காட்டச் சொன்னால் விழிக்கிறோம்.

இறந்தவர் எழுத்தைத் தனியொரு நிறுவனத்தின் பிடியிலிருந்து மீட்பது தமிழர்க்கு இயலாத செயலும் அன்று. பாரதியார் 1921இல் மறைந்தார். காலப்போக்கில் அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. விலை கொடுத்து வாங்கிய உரிமைதான், சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் தமிழுலகம் பொறுக்கவில்லை. எழுத்தாளர்கள் கூடிப் பாரதி விடுதலைக் கழகம் கண்டனர், மேடைதோறும் கேட்டனர். செட்டியாரும் இழப்பீடு பெறாமலே உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு அதனை ஏற்றது. பின்னர் அவ்வெழுத்து மக்களின் பொதுச்சொத்தாயிற்று. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, என்ன செய்வது என்று அன்றைய எழுத்தாளர்கள் கையைக் கட்டி நின்றார்களா?

இப்போது மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மாண்டவரின் குரலையும் எழுத்தையும் கொண்டு அவரைப் போலவே பேசவும் எழுதவும் இயந்திரத்தைப் பழக்கலாம் என்றாகிவிட்டது. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், 1997இல் மறைந்த ஷாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதாகவும் உரிய ஊதியம் அளித்ததாகவும் அவரே அறிவித்தார். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேளாமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படத்தாருக்கு அவர் மகன் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார். புகழ்பெற்றவர்க்குக் கேட்க மகன் உண்டு, வழக்கறிஞர் உண்டு. தோட்டத்து மூதாட்டியின் தாலாட்டுக்குக் கேட்பார் யார்? ஆக்சுபோர்டு இணையக் கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018க்குப் பின் புதியவர் எவரும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டாலுங்கூட, 2100க்குள் முகநூல் உறுப்பினருள் குறைந்தது 140 கோடிப் பேர் இறந்திருப்பர். அத்தனை பெரிய இடுகாடு ஒரே நிறுவனத்தின் வேலிக்குள் அமையப்போகிறது.

குற்றம் நிறுவனத்தின்மேல் மட்டும் இல்லை. கையறுநிலை பாடிய மரபில் வந்தவர் நாம். பாரியை இழந்த மகளிரின் பாட்டை வகுப்பில் கண்கலங்க நடத்துகிறோம். ஆனால் உடன் பணியாற்றியவர் இறந்தால் கூப்பிய கைகளின் சிறு படம் ஒன்றை இட்டு அகல்கிறோம். சிலர் இறந்தவரோடு தாம் நிற்கும் படத்தை, தாம் அழகாகத் தெரிவதாகத் தேடி எடுத்து இடுகின்றனர். இறந்தவர்க்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வாரும் உளர், இறந்தது தெரியாதாம்! ரெ. கார்த்திகேசு பினாங்கிலேயே வாழ்ந்து, இங்குள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 'அந்திம காலம்' என்னும் நாவலை நமக்களித்து 2016இல் மறைந்தார். இணையத்திலும் எழுதியவர் அவர். அவர் நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன. அவர் இணையத்தில் எழுதியவற்றை முறையாகத் திரட்டி அச்சில் கொணர்வது நம் சங்கங்களின் பணியா, அயல்நாட்டு நிறுவனத்தின் பணியா?

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது ஒன்று: தரவுச் சட்டத்தை மீண்டும் திருத்தி, சேமநிதிக்குப் போலவே எண்மக் கணக்குக்கும் வாரிசு நியமிக்கும் உரிமையைத் தருதல் வேண்டும்; நியமியாதவர்க்கு, உயிலும் வாரிசுச் சான்றும் எங்கே செல்லுமோ அங்கே இதுவும் செல்லுதல் வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை எழுத்தாளர் சங்கமும் தலைமையாசிரியர் மன்றங்களும் சேர்ந்து எழுதலாம். அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியின் பக்கத்துக்கு இப்போது மூன்று நிருவாகிகள். அவருள் ஒருவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தவர். ஆண்டிறுதியில் பக்கம் முழுவதும் தரவிறக்கப்பட்டு, பள்ளியின் வன்தட்டு ஒன்றிலும் அச்சுப்படி ஒன்றிலும் ஏறுகிறது. யானும் என் கணக்குகளின் பட்டியலை எழுதி, எதை மகளிடம் கொடுப்பது, எதைப் படியாமல் அழிப்பது என்று குறித்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டேன். மாணவர் கடிதங்கள் அழிப்பதில் சேரும்.

நண்பரின் கணக்கு இன்னும் திறக்கவில்லை. அக்கணக்கை மூடக் காரணமாயிருந்த அம்மாணவரே இப்போது அம்மையாரோடு அமர்ந்து, யார் யார் படம் அனுப்பினர் என்று நினைவிலிருந்து பட்டியல் எழுதி, ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கேட்டு வருகிறார். பட்டியலில் இருந்தோர் பலர் மறைந்துவிட்டனர். சென்ற மாதம் சுங்கை பட்டாணியிலிருந்து மூதாட்டி ஒருவர், முன்பு கைப்பேசியில் அனுப்பிய தோட்டப் பள்ளிப் படத்தின் மூலப்படியையே அனுப்பினார். இம்முறை அதனை அட்டைகளுக்கிடையே வைத்துத் தைத்து, அஞ்சலில் அனுப்பியிருந்தார்.